நாத்து முடியும் ரெட்டைப் பின்னலும்

வலங்கைமான் பக்கம், குடமுருட்டிக் கரையில் எங்கள் ஊர். மகள் நான்காம் வகுப்பு படிக்கிறாள். காலை 8.05-க்குப் பாலத்தடியில் வேன் வந்து நிற்கும். அவளுக்கு இடுப்பைத் தொடும் முடி. நல்ல அடர்த்தி, கொஞ்சம் நெளி. பள்ளியில் ரெட்டைப் பின்னல் போட்டு, மடித்து, ரிப்பன் கட்டி வர வேண்டும். சாயங்காலம் 4 மணிக்கு மேல் கோ-கோ பயிற்சி. ஆக, காலை 7.40-க்குப் போடுகிற பின்னல், ஓட்டம், வியர்வை, புழுதி எல்லாவற்றையும் தாங்கி மாலை 5.30 வரை நிற்க வேண்டும்.

முதல் மூன்று வருடம் இதற்கு எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், இழுத்துப் பின்னுவது. எண்ணெயை வழிய வைத்து, அவள் புருவம் மேலே ஏறுகிற அளவுக்கு வாரி, வேரிலேயே இறுக்கிவிடுவேன். என் அம்மா எனக்கு அப்படித்தான் பின்னினார். தெருவில் பார்ப்பவர்களும் "நச்சுன்னு பின்னியிருக்கே" என்பார்கள், எனக்கும் சந்தோஷமாக இருக்கும். ஆனால் சாயங்காலம் வேனை விட்டு இறங்கும்போது காதோரம் எல்லாம் கலைந்து, ஒரு பின்னல் அவிழ்ந்து, ரிப்பன் பைக்குள் சுருண்டு கிடக்கும். மறுநாள் இன்னும் இறுக்குவேன். "வலிக்குதும்மா" என்பாள். "ஆடாம நில்லு, வலிக்காது" என்பேன். எத்தனை நாள் அப்படிச் சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தால் இப்போதும் மனசு கஷ்டப்படுகிறது.

மூன்றாம் வகுப்பு அரையாண்டு விடுமுறையில் ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துவிட உட்கார வைத்தேன். வெயிலில் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டு காதுக்கும் மேலே, நெற்றியோரத்தில், கட்டைவிரல் அகலத்துக்குத் தோல் பளிச்சென்று தெரிந்தது. அங்கங்கே அரை விரற்கடை உயரத்துக்கு உடைந்த முடி. வேர்க்கால்களில் கடுகு போலச் சிவந்த சிறு பருக்கள். பேன் கடித்துச் சொறிந்துவிட்டாளோ என்று நினைத்தேன். அவளைக் கேட்டால், "அங்க எப்பவும் வலிக்கும்மா, பாடம் எழுதறப்ப பின்னாடியும் இழுக்கும்" என்று சாதாரணமாகச் சொன்னாள்.

கும்பகோணத்தில் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டினோம். அவர் தலையைப் பார்த்துவிட்டு, "நீங்க வழக்கமா எப்படிப் பின்னுவீங்களோ அப்படி இப்ப பின்னிக் காட்டுங்க" என்றார். பாதி பின்னும்போதே போதும் என்று நிறுத்திவிட்டார். தொடர்ந்து இழுபடுவதால் வேர்க்கால் நோகிறது, அதனால் முடி உதிர்கிறது, இப்போதே இழுப்பை நிறுத்தினால் வளர்ந்துவிடும், வருடக்கணக்கில் விட்டால் அந்த இடத்தில் வேர் செத்து முடி வராமலே போகலாம் என்றார். புதிதாக எண்ணெயோ தைலமோ எதுவும் எழுதித் தரவில்லை. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும், அதனால் ஆறு மாதம் பொறுமையாக இருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு யோசனை. வைத்தீஸ்வரன்கோயிலில் இன்னொரு மொட்டை போட்டால் கருகருவென்று வளரும் என்று ஒரு உறவுக்காரர் சொன்னார். வேண்டுதல் என்றால் அது வேறு, தாராளமாகப் போடலாம். ஆனால் மழித்தால் முடி அடர்த்தியாகாது. வேர் தோலுக்கு அடியில் இருக்கிறது, கத்தி மேலே போவது அதற்குத் தெரியாது. மழித்தபின் வரும் முடிக்கு நுனி கூர்மையாக இல்லாமல் மொட்டையாக இருப்பதால் தடித்தது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

பின்னலைத் தளர்த்தினால் வலி போய்விடும், சரி. ஆனால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடுமே? ஒரு வாரம் தளரப் பின்னி அனுப்பினேன். ஒழுங்காகப் பின்னி அனுப்பச் சொல்லி மூன்றாம் நாளே டைரியில் குறிப்பு வந்தது. அன்று ராத்திரி புலம்பிக்கொண்டிருந்தபோது என் மாமியார் ஒன்று சொன்னார். அத்தை முப்பது வருடம் நடவுக்கும் நாத்துப் பறிக்கவும் போனவர்.

"நாத்து முடி கட்டறப்ப இறுக்கிக் கட்டுனா தாள் நசுங்கிப் போயிடும். தளரக் கட்டுனா, வயல்ல வீசறப்ப அவுந்து சிதறிப் போயிடும். பிடி சமமா இருந்தாத்தான் முடி நிக்கும். கயிறு நிறுத்தாது."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாற்றங்காலில் பறித்த நாற்றை வேர் ஒன்றாக இருக்கும்படி தட்டி, கைப்பிடி அளவு சேர்த்துக் கட்டுவதைத்தான் எங்கள் பக்கம் முடி என்போம். தலையில் இருப்பதும் முடிதான். பழைய தமிழில் பெண்கள் கூந்தலை முடிக்கும் வகை ஐந்து என்று கொண்டு கூந்தலையே ஐம்பால் என்றார்கள். முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை என்ற அந்த ஐந்திலும் முதலில் சொல்வது முடிதான். அத்தைக்கு இதெல்லாம் தெரியாது. ஆனால் பிடி சமமாக இருக்க வேண்டும் என்று அவர் சொன்னதை வைத்துத்தான் நான் பின்னலைத் திரும்பக் கற்றுக்கொண்டேன்.

முதலில் அவள் தலை இருக்கும் நிலை. நான் பின்னும்போது இழுக்கிற இழுப்பில் அவள் முகம் மேலே பார்க்கும். தலை பின்னால் சாய்ந்திருக்கும்போது பிடரி முடியை இறுக்கினால், குனிந்து எழுதும்போது அத்தனையும் இழுபடும். பாடம் எழுதும்போது வலிக்கிறது என்று அவள் சொன்னது இதுதான். இப்போது அவளைத் திண்ணையில் ஒரு முக்காலியில் உட்கார வைத்து, அவள் கண் மட்டத்துக்கு எதிரே தூணில் ஒரு சின்னக் கண்ணாடியை மாட்டியிருக்கிறேன். கண்ணாடியைப் பார்த்தாலே தலை நேராக நின்றுவிடும். நான் "நிமிரு, குனி" என்று சொல்ல வேண்டியதே இல்லை.

அடுத்தது சிக்கு. உச்சியில் சீப்பை வைத்துக் கீழே இழுப்பது என் பழைய பழக்கம். அப்படி இழுத்தால் நுனிவரை இருக்கும் சிக்கெல்லாம் ஒரே இடத்தில் வந்து முடிச்சாகிவிடும். பெரிய பல் சீப்பால் நுனியிலிருந்து நாலு விரற்கடை எடுத்து, அது விட்டதும் அதற்கு மேலே நாலு விரற்கடை என்று ஏற வேண்டும். சிக்குக்கு மேலே இடக்கையால் முடியைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு கையோடு நின்றுவிடும், தலைக்குப் போகாது. ராத்திரி படுக்கும்முன் ஒற்றைப் பின்னலாகத் தளரப் பின்னிவிட்டால் காலையில் சிக்கே பாதிதான் இருக்கும். காலை நேரத்தை மிச்சம் பிடிப்பதில் இதைப் போல உதவுவது வேறு எதுவும் இல்லை.

வகிடு. தினமும் ஒரே கோட்டில் வகிடு எடுத்தால் அந்தக் கோட்டின் இரு பக்கமும் அதே முடிதான் நாள்தோறும் இழுபடும். நான் ஒருநாள் நடுவகிடு, மறுநாள் ஒரு விரல் இடப்பக்கம், அடுத்த நாள் வலப்பக்கம் என்று மாற்றுகிறேன். பள்ளியில் யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

இனிப் பின்னல். இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாக் கோளாறும் இங்கேதான் இருந்தது. ஒரு பக்க முடியை மூன்று காலாகப் பிரிக்கும்போது நான் அவசரத்தில் அள்ளிப் பிரிப்பேன். ஒரு கால் தடிமனாகவும் ஒரு கால் நூலாகவும் இருக்கும். மெலிந்த கால் ஓட்டத்தில் நெகிழும். அது நெகிழ்ந்தால் மற்ற இரண்டும் தளரும். வேரில் எவ்வளவு இறுக்கினாலும் இதைத் தடுக்க முடியாது. அத்தை சொன்ன "பிடி சமம்" இதுதான். இப்போது மூன்று காலையும் விரலுக்கிடையில் உருட்டிப் பார்த்து, தடிமன் ஒத்துப்போனால்தான் தொடங்குவேன். பத்து விநாடிகூட ஆகாது.

பின்னலைக் காதுக்கு மேலே தூக்கித் தொடங்காமல், காதுமடலுக்குப் பின்னால், கீழே தொடங்குகிறேன். பின்னல் எந்தப் பக்கம் தொங்கப் போகிறதோ அந்தப் பக்கமே கையை வைத்துக்கொள்ள வேண்டும். கையை மேலே தூக்கிப் பின்னிவிட்டு அப்புறம் கீழே விட்டால், தொங்கும்போது அது வேறு திசையில் இழுக்கும். முதல் இரண்டு மடிப்பு மெத்தென்று இருக்கட்டும். மூன்றாவது மடிப்பிலிருந்து பிடியைக் கூட்டி, கடைசிவரை ஒரே அளவில் கொண்டுபோக வேண்டும். பிடிப்பு பின்னலின் உடம்பில் இருந்தால் போதும், தலைத்தோலில் இருக்கத் தேவையில்லை.

முடித்ததும் மூன்று சோதனை. சுண்டுவிரல் முதல் மடிப்புக்கு அடியில் நுழைய வேண்டும். அவள் தாடையை நெஞ்சில் தொட வேண்டும், அப்புறம் கண்ணை இறுக்கி மூடித் திறக்க வேண்டும். இரண்டிலும் எங்கேயும் சுருக்கென்று இருக்கக் கூடாது. நெற்றியோரத்தில் முடி முளைக்கும் இடத்தில் தோல் சிறு சிறு மேடாகத் தூக்கி நின்றால், பிள்ளை வலிக்கவில்லை என்று சொன்னாலும் அவிழ்த்துவிடுங்கள். பழகிப்போன பிள்ளைக்கு வலி தெரியாது.

ரிப்பனை நான் முன்பு கடைசியில்தான் கட்டுவேன். அதனால்தான் நழுவியது. பக்கத்து வீட்டு அக்கா ஒருநாள் வந்து காட்டிக்கொடுத்தார். பின்னல் பாதி தூரம் வந்ததும் ஒரு மீட்டர் ரிப்பனின் நடுப்பகுதியைப் பின்னலுக்கு அடியில் குறுக்கே வைக்க வேண்டும். இரண்டு முனையையும் ஓரத்துக் கால்கள் இரண்டோடு ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு பின்னலைத் தொடர வேண்டும். ரிப்பனும் முடியும் ஒன்றுக்குள் ஒன்று போய்விடுவதால் நழுவ இடமில்லை. நுனியில் ஒரு முடிச்சு. அப்புறம் பின்னலை மேலே மடித்து, காதுக்குப் பின்னால் முதல் மடிப்புக்கு அடியில் ரிப்பனை நுழைத்து எடுத்துப் பூவாகக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வழுவழுவென்ற சாட்டின் ரிப்பன் பார்க்க அழகு, ஆனால் ஓடுகிற பிள்ளைக்கு ஆகாது. கொஞ்சம் சொரசொரப்பான நைலான் ரிப்பன்தான் நிற்கும். வெட்டிய ஓரத்தை விளக்குச் சுடரில் லேசாகக் காட்டினால் உருகி ஒட்டிக்கொள்ளும், நூல் பிரியாது. பெரியவர்கள்தான் செய்ய வேண்டும், கை பத்திரம்.

ரப்பர் பேண்டு பற்றி ஒரே வார்த்தை. மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுகிற வெறும் ரப்பரைப் போடாதீர்கள். கழற்றும்போது அது முடியையும் பிடுங்கிக்கொண்டு வரும். துணி சுற்றியது போடுங்கள். ஏற்கெனவே போட்டிருந்தால் இழுக்காமல் கத்தரியால் வெட்டி எடுங்கள்.

மடித்துக் கட்டுவது வெறும் பள்ளி ஒழுங்கு என்றுதான் நினைத்திருந்தேன். அவள் கோ-கோ ஆடுவதைப் பார்த்த பிறகுதான் அதன் அருமை புரிந்தது. விரட்டும் அணியில் எட்டுப் பேர் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஓடி வருபவள் உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி "கோ" என்று கத்துவாள், உடனே இவள் எழுந்து பாய வேண்டும். முதுகில் பின்னல் தொங்கினால் தட்டுகிற கை அதில்தான் படும், விரல் மாட்டினால் பாய்கிற வேகத்தில் தலை பின்னால் வெட்டி இழுக்கும். ஒரு பெண்ணுக்கு அப்படி நடந்து கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததைக் கண்ணால் பார்த்தேன். கம்பத்தைப் பிடித்துத் திரும்பும்போதும் இதே தொல்லைதான்.

போட்டி உள்ள நாட்களில் வேறு பின்னல். நெற்றியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக முடியைச் சேர்த்துக்கொண்டே பிடரிவரை போவது. அழகு நிலையத்தில் இதை ஃப்ரெஞ்ச் பின்னல் என்கிறார்கள். இரண்டு பக்கமும் இப்படிப் பின்னினால் முன்னால் இருக்கும் குட்டை முடியும் உள்ளே போய்விடும், கண்ணில் விழாது, கிளிப்பும் தேவையில்லை. விழுந்து புரள்கிற விளையாட்டுக்குத் தலையில் இரும்புக் கிளிப், ஊசி எதுவும் இல்லாமல் இருப்பதே நல்லது. சேர்க்கிற முடி ஒவ்வொரு தடவையும் ஒரே அளவாக, சின்னதாக இருக்க வேண்டும். இதிலும் இழுத்தால் அதே நெற்றியோரம்தான் பாதிக்கும், அதனால் தினமும் போடுவதில்லை. எனக்குப் பன்னிரண்டு நிமிடம் பிடிக்கிறது, சாதாரணப் பின்னலுக்கு ஏழு. கற்றுக்கொள்ள ஒரு மாதம் ஞாயிற்றுக்கிழமைதோறும் பழகினேன். முதல் இரண்டு வாரம் பாம்பு நெளிந்த மாதிரி போனது.

எண்ணெயைக் குறைத்துவிட்டேன். உள்ளங்கையில் ஐந்து சொட்டுத் தேங்காய் எண்ணெய், இரண்டு சொட்டுத் தண்ணீர், தேய்த்து மேலாகத் தடவினால் பறக்கிற முடி படிந்துவிடும். வழிய வைத்தால் மைதானத்துப் புழுதி முழுக்க அதில்தான் ஒட்டும்.

எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சங்கடம் உண்டு. பள்ளி திறக்கிற ஜூன் மாதத்தில்தான் மேட்டூரும் திறக்கும். ஜூன் 12 என்பது வழக்கமான தேதி. ஆற்றில் புதுத் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளைப் பிடிக்க முடியாது. நாங்கள் கூடவே நின்று குளிக்க விடுவோம். கலங்கல் தண்ணீரில் இருக்கிற வண்டல் முடிக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதை அலசாமல் அப்படியே பின்னினால் மறுநாள் சீப்பு இறங்காது. வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஒரு தரம் அலசி, ஈரிழைத் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும். துண்டைப் போட்டுப் பரபரவென்று தேய்க்கக் கூடாது. ஈர முடி ரப்பர் போல நீளும், நீளும்போது சுலபமாக அறும். அதனால் ஈரத்தோடு இறுக்கிப் பின்னவும் கூடாது. பின்னியது காயும்போது இன்னும் இழுக்கிறது என்று மகளே சொல்கிறாள்.

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் இதைவிடப் பெரிய பாடு. தலைக்கு ஊற்றினால் நாள் முழுக்கக் காயாது. அந்த இரண்டு மாதமும் தலைக்குளியலை வெள்ளிக்கிழமையிலிருந்து சனிக்கிழமைக்கு மாற்றிவிட்டேன். வெள்ளிதான் பெண்பிள்ளைக்கு என்று அத்தை முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஈரத் தலையோடு பள்ளிக்குப் போய் இரண்டு வாரம் தலை நாறி, பொடுகு வந்ததைப் பார்த்த பிறகு சரி என்றுவிட்டார். மதியத்துக்குள் குளிக்க வைத்து, முடியை விரித்துவிட்டு, மின்விசிறிக்கு அடியில் உட்கார வைப்பேன். அத்தை தூபக்காலில் சாம்பிராணி போட்டு மேலே கூடையைக் கவிழ்த்துக் கூந்தலை விரிப்பார். எனக்கும் அந்த மணம் பிடிக்கும். ஆனால் மகளுக்கு அடிக்கடி சளி பிடித்து இழுப்பதால் அவளுக்கு மட்டும் புகை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பேன் வராத பள்ளிக்கூடம் கிடையாது, அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பேன் தாவாது, பறக்காது. தலையோடு தலை ஒட்டும்போது ஊர்ந்துதான் வரும். மடித்துக் கட்டிய பின்னல் இதிலும் உதவுகிறது, முடி அடுத்தவர் தோளில் விழாது. வந்துவிட்டால் தலையை நனைத்து, எண்ணெய் விட்டு, பேன் சீப்பால் வேரிலிருந்து நுனிவரை வகிடு வகிடாக வார வேண்டும். ஈர் பொரிய ஏழு முதல் பத்து நாள் ஆகும் என்பதால் ஒருமுறை வாரிவிட்டு நிறுத்தினால் அடுத்த கூட்டம் வந்துவிடும். மூன்று நாளைக்கு ஒருமுறை இரண்டு வாரம் விடாமல் வாரினால் ஒழியும். வீட்டில் எல்லோர் தலையையும் அன்றைக்கே பார்த்துவிடுங்கள்.

நவராத்திரிக்கு மட்டும் தாழம்பூ வைத்து ஜடை தைத்துக்கொள்ள வேண்டும் என்று அடம்பிடிப்பாள். தைக்கும்போது அத்தைதான் ஊசி பிடிப்பார். பாரம் அதிகம் என்பதால் ராத்திரி கொலு முடிந்ததும் நூலை வெட்டி எடுத்துவிடுவோம், அதோடு தூங்க விடுவதில்லை. மறுநாள் முழுக்கத் தலையை விரித்துவிட்டு விடுமுறை கொடுத்துவிடுவேன்.

காதோரத்து முடி வந்துவிட்டது. இரண்டு மாதத்தில் பருக்கள் போயின. நான்காவது மாதத்தில் பூனைமுடி மாதிரி முளைத்தது. இப்போது வாரினால் படியும் அளவுக்கு வளர்ந்திருக்கிறது, ஆனால் பின்னலுக்குள் போகிற நீளம் இன்னும் இல்லை. அதை அப்படியே விட்டுவிடுகிறேன். காற்றில் கொஞ்சம் பறக்கட்டும்.

போன மாதம் கும்பகோணத்தில் அவளுக்கு ஒரு போட்டி. காலையில் இரண்டு பக்கமும் நெற்றியிலிருந்து பின்னி முடித்து, மடித்து, ரிப்பனும் கட்டியாயிற்று. பாலத்தடியில் வேன் ஹார்ன் அடிக்கிறது. அவள் தாடையை நெஞ்சில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அம்மா, இடது காதுக்கு மேல இழுக்குது" என்றாள். ரிப்பனை அவிழ்த்து, அந்தப் பக்கத்தை முழுக்கப் பிரித்துத் திரும்பப் பின்னினேன். வேன் போய்விட்டது. அவள் அப்பா பைக்கில் கொண்டுபோய் விட்டார். சாயங்காலம் முழங்கால் சிராய்ப்போடு வந்தாள், இரண்டு பின்னலும் காலையில் கட்டியது போலவே இருந்தன.